லினசோலிட் மாத்திரை: அம்மாவுக்கு 14 நாள் எழுதித் தந்திருக்கிறார்கள், எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி – நீலமேகம்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 63, பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலில் வந்த சீழ்க்கட்டியை அறுத்துச் சுத்தம் செய்து, சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற பாக்டீரியா வளர்ந்திருப்பதாக அறிக்கை வந்தது. மருத்துவமனையில் ஐந்து நாள் வான்கோமைசின் மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது லினசோலிட் 600 மி.கி. மாத்திரையை 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 14 நாள் கொடுக்கும்படியும், வாரம் ஒருமுறை ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கும்படியும் எழுதித் தந்தார்கள். இன்று நான்காம் நாள். புண் நன்றாக வற்றி வருகிறது.

எனக்குச் சில சந்தேகங்கள் இருக்கின்றன. ஊசியில் இருந்தவரை மாத்திரைக்கு மாற்றியது, மருந்தின் வலிமையைக் குறைத்ததாகாதா? காலில் வந்த புண்ணுக்கு ரத்த அணுக்களை எதற்காக எண்ண வேண்டும்? மருந்து உறையில் சில உணவுகளைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறதே, அது எந்த அளவுக்கு உண்மை? புண் ஆறிவிட்டால் ஏழாம் நாளோடு நிறுத்திவிடலாம், கடுமையான மருந்தை வீணாக ஏன் விழுங்க வேண்டும் என்று என் அண்ணன் சொல்கிறார். அதில் நியாயம் உண்டா?

இன்னொன்று, இதற்குத் தொடர்பில்லாததாகவும் இருக்கலாம். நேற்று மாலை அம்மாவுக்குக் கை நடுங்கியது, உடல் வியர்த்தது. அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. அம்மா சர்க்கரைக்குக் கிளிமெபிரைடு சாப்பிடுகிறார். மனச்சோர்வுக்காக மூன்று ஆண்டுகளாகச் செர்ட்ரலின் மாத்திரையும் சாப்பிடுகிறார். அதை எழுதியவர் வேறொரு மருத்துவர் என்பதால், அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரிடம் நாங்கள் அதைச் சொல்லவில்லை.

பதில் – மாத்திரைக்கணக்கு

சகோதரி, நான் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். உங்கள் கேள்விகள் எல்லாவற்றையும்விட, நீங்கள் தொடர்பில்லாதது என்று கடைசியில் சொன்ன செய்திதான் முக்கியமானது. மற்றதைப் பிறகு படியுங்கள். முதலில் லினசோலிட் எழுதித் தந்த மருத்துவரை இன்றே தொலைபேசியில் அழைத்து, அம்மா செர்ட்ரலின் சாப்பிடுகிறார் என்பதையும், நேற்று நடுக்கமும் வியர்வையும் வந்தன என்பதையும் சொல்லிவிடுங்கள்.

காரணத்தையும் சொல்கிறேன். லினசோலிட் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்துவதற்காக உருவான மருந்து என்றாலும், நம் உடலில் உள்ள மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்ற நொதியையும் ஓரளவு தடுத்துவைக்கும் குணம் அதற்கு உண்டு. செரோடோனின் என்ற வேதிப்பொருளைச் சிதைத்து வெளியேற்றுவது அந்த நொதியின் வேலை. செர்ட்ரலினோ நரம்பு முனைகளில் செரோடோனினை அதிகப்படுத்தும் மருந்து. ஒரு பக்கம் வரத்து கூடி, மறுபக்கம் வடிகாலும் அடைபட்டால் என்ன ஆகுமோ அதுதான் செரோடோனின் சிண்ட்ரோம் என்ற நிலை: படபடப்பு, குழப்பம், நடுக்கம், வியர்வை, காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, தசைகள் விறைப்பது அல்லது தானாகத் துள்ளுவது, வயிற்றுப்போக்கு. கடுமையானால் உயிருக்கே ஆபத்து. குழப்பம், அதிகக் காய்ச்சல், தசை விறைப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் தொலைபேசியில் நேரத்தைப் போக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இதைப் படித்துவிட்டுப் பதறிச் செர்ட்ரலினை நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். இன்று நிறுத்தினால் அதன் விளைவு இன்றே உடலை விட்டுப் போய்விடாது. இவ்வகை மனச்சோர்வு மருந்துகள் பலவற்றுக்கு ஏறத்தாழ இரண்டு வாரமும், அவற்றில் ஒன்றான ஃபுளூக்ஸெடினுக்கு ஐந்து வாரமும் ஆகும் என்ற கணக்கில்தான் மருத்துவர்கள் கண்காணிப்பை வகுக்கிறார்கள். திடீரென நிறுத்துவதாலேயே வரும் தொல்லைகளும் உண்டு. இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்று முடிந்த முடிவாக யாரும் சொல்லிவிட முடியாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் லினசோலிட் எடுத்துக்கொண்ட 1,100-க்கும் மேற்பட்ட முதியவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வில், அவர்களில் செரோடோனின் சிண்ட்ரோம் வந்தவர்கள் 0.5 சதவீதத்துக்கும் குறைவு. மனச்சோர்வு மருந்து எடுத்தவர்களிடம் அது கூடுதலாகக் காணப்படவும் இல்லை. ஆகவே ஆபத்து அரிது. ஆனால் அதை எடைபோட வேண்டியவர் மருத்துவர். அம்மா என்னென்ன சாப்பிடுகிறார் என்பது தெரியாமல் அவரால் எடைபோட முடியாது.

இனி அந்த நடுக்கத்துக்கு வருவோம். எனக்குத் தோன்றும் முதல் சந்தேகம் வேறு. லினசோலிட், இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ரத்தச் சர்க்கரையை எதிர்பாராமல் கீழே இறக்கிவிடக்கூடும். கிளிமெபிரைடு அப்படி இறங்க இடமளிக்கும் மாத்திரைதான். தாழ்சர்க்கரைக்கும் செரோடோனின் மிகுதிக்கும் நடுக்கம், வியர்வை, படபடப்பு மூன்றும் பொது. வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிவது கடினம், ஆனால் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் ஒரு நிமிடத்தில் பாதி விடை கிடைத்துவிடும். அடுத்த முறை நடுங்கினால் முதலில் குளுக்கோமீட்டரை எடுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் அளவுக்குச் சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சர்க்கரை சரியாக இருந்தும் நடுங்கினால் அது மேலும் அவசரமான செய்தி.

இந்த 14 நாளில் சளிக்கும் வலிக்கும் கடையில் கேட்டு எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். இருமல் மருந்துகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், வலிக்குத் தரும் டிரமடால், ஒற்றைத் தலைவலிக்கான சுமட்ரிப்டான் ஆகியவை செரோடோனின் கணக்கில் சேர்பவை. மூக்கடைப்பு மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும்.

உணவுக் கட்டுப்பாடும் அதே நொதியால் வருவதுதான். டைரமின் என்ற பொருளையும் அந்த நொதியே சிதைக்கிறது. சிதையாமல் மிகுந்தால் ரத்த அழுத்தம் எகிறும். ஒரு வேளை உணவில் 100 மி.கி.க்கு மேல் டைரமின் போகக்கூடாது என்பது அளவு. நீண்ட நாள் முதிரவைத்த பாலாடைக்கட்டி, புளிக்கவைத்த அல்லது காற்றில் உலர்த்திய இறைச்சி, சோயா சாஸ், சிவப்பு ஒயின், பீப்பாயிலிருந்து பிடிக்கும் பீர் போன்றவற்றை அதிகமாக உட்கொண்டால்தான் அந்த அளவு எட்டும். அன்றன்று சமைத்த சாதாரண உணவுக்குத் தடையில்லை. புரதம் மிகுந்த பண்டங்களைக் குளிரூட்டாமல் பல மணி நேரம் வைத்திருந்தால் டைரமின் பெருகும் என்பதால், மிஞ்சியதைச் சாப்பிடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். மாத்திரையை உணவோடும் எடுக்கலாம், வெறும் வயிற்றிலும் எடுக்கலாம்.

பதில் – கல்ச்சர்தட்டு

மேலே சொன்னதை நான் முழுமையாக ஆமோதிக்கிறேன். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்பவள் என்ற முறையில் மற்றக் கேள்விகளுக்கு என் பங்கைச் சொல்கிறேன்.

ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறியதில் வலிமை குறையவில்லை. வான்கோமைசினை வாய்வழியாகக் கொடுத்தால் குடலிலேயே தங்கிவிடும், ரத்தத்தில் சேராது. அதனால் உடலின் உட்பகுதித் தொற்றுக்கு அதை நரம்பில்தான் ஏற்ற வேண்டும். லினசோலிட் அப்படியல்ல. விழுங்கிய மருந்து ஏறத்தாழ 100 சதவீதமும் ரத்தத்தில் சேர்ந்துவிடுவதால், நரம்பில் ஏற்றும் அளவும் விழுங்கும் அளவும் ஒன்றே, 600 மி.கி. தான். உங்கள் அம்மா கையில் ஊசிக்குழாயோடு இன்னும் இரண்டு வாரம் கட்டிலில் கிடக்காமல் வீட்டுக்கு வர முடிந்தது இந்தக் குணத்தால்தான்.

எம்.ஆர்.எஸ்.ஏ. என்பது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு வகை. ஸ்டாஃபிலோகாக்கஸை லினசோலிட் நேரடியாகக் கொல்வதில்லை. அது புரதம் தயாரிப்பதைத் தடுத்துப் பெருகவிடாமல் நிறுத்திவைக்கிறது, மிச்சத்தை உடலின் எதிர்ப்பு அணுக்கள் முடிக்கின்றன. மருந்தின் பாதி ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை உடலிலிருந்து கழிந்துவிடும் என்பதால் 12 மணி நேர இடைவெளியைத் தளர்த்தக்கூடாது. காலை ஏழு மணி என்றால் இரவும் ஏழு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணனின் கேள்விக்கும் இங்கேதான் விடை. சீழ் வற்றியது பாக்டீரியா தொலைந்துவிட்டதற்கு அடையாளம் ஆகாது. அதே வேளையில், 14 என்ற எண்ணில் மந்திரம் ஏதும் இல்லை. பல தொற்றுகளில் குறுகிய காலச் சிகிச்சையே போதும் என்று அண்மை ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே அண்ணன் எழுப்பிய கேள்வி தவறானதில்லை, அதை மருத்துவரிடம் கேட்காமல் தாமே முடிவெடுப்பதுதான் தவறு. புண்ணைப் பார்த்து, ரத்த அறிக்கையைப் பார்த்து அவர் பத்து நாளில் நிறுத்தினாலும் வியப்பில்லை.

ரத்த அணுக்களை எண்ணச் சொன்னதற்கான காரணம் சுவையானது. பாக்டீரியாவில் புரதம் தயாராகும் இடமான ரைபோசோமைத்தான் லினசோலிட் பிடிக்கிறது. நம் உயிரணுக்களுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவுக்கும் தனி ரைபோசோம் உண்டு; அது பாக்டீரியாவின் ரைபோசோமை ஒத்தது. நாள் கூடக் கூட மருந்து அதையும் தொட ஆரம்பிக்கிறது. ஓயாமல் அணுக்களை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜையில் இது முதலில் தெரியவரும்: ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும், ஹீமோகுளோபினும் வெள்ளணுக்களும் இறங்கலாம். இரண்டு வாரத்தைத் தாண்டும்போது இது அதிகம், சிறுநீரகம் மந்தமானவர்களுக்கு அதனினும் முன்னதாக வரலாம். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டுவிடும். நீண்ட காலச் சர்க்கரை நோயாளி என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையும் அண்மையில் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றல், தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றினால் அடுத்த வாரப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். நிற்காத குமட்டலும் வாந்தியும் மூச்சு வாங்குவதும் சேர்ந்து வந்தால், அது ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறுவதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே சொல்ல வேண்டும்.

பதில் – பாதிவழி

எங்கள் வீட்டிலும் இதே மாத்திரை ஒருவருக்குத் தோலில் வந்த புண்ணுக்குக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாளே சரியாகிவிட்டதால் நிறுத்திவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. மீதி மாத்திரைகள் பத்திரமாக இருக்கின்றன. காய்ச்சல், தொண்டைவலி என்று யாருக்காவது வந்தால் உதவும். இவ்வளவு பயமுறுத்தத் தேவையில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

பதில் – கல்ச்சர்தட்டு

ஐயா, உங்கள் வீட்டில் நலமானதில் மகிழ்ச்சி. ஆனால் அந்த மீதியைத் தொண்டைவலிக்குக் கொடுக்காதீர்கள். தொண்டைவலியும் சளியும் பெரும்பாலும் வைரஸால் வருபவை; வைரஸிடம் இந்த மருந்துக்கு வேலையே இல்லை. சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை போன்ற, கிராம் சாயச் சோதனையில் கிராம்-நெகட்டிவ் என்று பிரிக்கப்படும் பாக்டீரியாவிடமும் இது பலிக்காது. ஸ்டாஃபிலோகாக்கஸ், என்டரோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் வகைகளுக்கே பெரும்பாலும் உரியது. வேறு மருந்து பலிக்காதபோது எடுப்பதற்கென்று உலக சுகாதார நிறுவனம் தனியே ஒதுக்கிவைத்திருக்கும் ரிசர்வ் பட்டியலில் இதுவும் ஒன்று. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. லினசோலிட்டுக்கும் கட்டுப்படாத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஒரு நோயாளியிடம் காணப்பட்டதாக மறு ஆண்டே, 2001-இல், மருத்துவ இதழில் செய்தி வந்துவிட்டது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் 2019-இல் மட்டும் உலகெங்கும் நேரடியாக ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்; அவற்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை எம்.ஆர்.எஸ்.ஏ. கணக்கில் சேர்ந்தவை. மீதி மாத்திரைகளை மருந்துக்கடையில் கேட்டு முறையாக அப்புறப்படுத்துங்கள்.

பதில் – நீண்டபயணம்

இந்த மருந்தை மாதக்கணக்கில் விழுங்கியவன் நான். எனக்கு வந்தது பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய். அதற்கான கூட்டு மருந்துகளில் லினசோலிட்டும் ஒன்று. 14 நாள் எடுப்பவருக்கும் எனக்கும் நிலைமை வேறு என்பதால் என் அனுபவத்தை அப்படியே அம்மாவுக்குப் பொருத்திப் பார்த்துக் கலங்க வேண்டாம். மூன்றாம் மாதத்தில் இரண்டு உள்ளங்கால்களிலும் எறும்பு ஊர்வது போலத் தொடங்கி, இரவில் எரிச்சலாக மாறியது. சத்துக் குறைவு என்று எண்ணி ஒரு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அதுதான் நான் செய்த பிழை. நரம்புப் பாதிப்பு முற்றிய பின் மருந்தின் அளவைக் குறைத்தார்கள். காசநோய் குணமாகிவிட்டது, கால் விரல்களின் மரமரப்பு மட்டும் இன்றும் முழுமையாக விலகவில்லை.

பிறகுதான் இதைப் பற்றிப் படித்தேன். தென் ஆப்பிரிக்காவில் 109 பேரிடம் நடந்த நிக்ஸ்-டிபி ஆய்வில் நாளொன்றுக்கு லினசோலிட் 1,200 மி.கி. வீதம் 26 வாரம் கொடுத்தபோது 81 சதவீதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு வந்தது, ஆனால் பத்தில் ஒன்பது பேர் காசநோயிலிருந்து மீண்டார்கள். அதன் பின் நடந்த ஆய்வில் 600 மி.கி. ஆகக் குறைத்தும் நோய் குணமாவது பெரிதாகக் குறையவில்லை, நரம்புத் தொல்லையோ வெகுவாகக் குறைந்தது. பார்வை நரம்பையும் இது தாக்கக்கூடும் என்பதால் எனக்கு மாதந்தோறும் எழுத்துப் பலகையும் நிறப் புள்ளி அட்டையும் காட்டிச் சோதித்தார்கள். 28 நாளுக்கு மேல் நீளும் சிகிச்சை என்றால் கண் பரிசோதனையை நீங்களே நினைவூட்டிக் கேளுங்கள். சர்க்கரை நோயால் அம்மாவின் காலில் ஏற்கெனவே மரமரப்பு இருந்தால், அதையும் இப்போதே மருத்துவரிடம் சொல்லிக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். பின்னால் கூடினால் எதனால் கூடியது என்று பிரித்தறிய அது உதவும்.

பதில் – நீலமேகம்

எல்லோருக்கும் நன்றி. அன்று மாலையே மருத்துவரிடம் பேசினேன். கோபிப்பார் என்று அஞ்சினேன். அவரோ, மருந்துகளின் பட்டியலைத் தாமும் விடாமல் கேட்டிருக்க வேண்டும் என்றார். கல்ச்சர் அறிக்கையை எடுத்துப் பார்த்தார். மாத்திரையாகக் கொடுக்கக்கூடிய மற்ற மருந்துகளான டாக்சிசைக்ளினுக்கும் கிளிண்டாமைசினுக்கும் பாக்டீரியா கட்டுப்படவில்லை, கோ-டிரைமாக்சசோலுக்குக் கட்டுப்படும் என்றாலும் அது சல்ஃபா வகை மருந்து, அம்மாவுக்குச் சல்ஃபா ஒவ்வாமை இருக்கிறது. ஆகவே லினசோலிட்டையே தொடர்வது, செர்ட்ரலின் எழுதிய மருத்துவரிடம் தாமே கலந்து பேசி அதையும் நிறுத்தாமல் வைத்திருப்பது, கடைசி மாத்திரைக்குப் பின் 24 மணி நேரம் வரை அம்மாவைத் தனியே விடாமல் கவனிப்பது என்று முடிவு செய்தார்.

மறுநாள் மாலையில் மறுபடி நடுங்கியது. குளுக்கோமீட்டர் 58 காட்டியது. குளுக்கோஸ் கொடுத்ததும் கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கிவிட்டது. கிளிமெபிரைடின் அளவைப் பாதியாகக் குறைத்த பிறகு இதுவரை வரவில்லை. ஏழாம் நாள் பரிசோதனையில், தொடக்கத்தில் 2,62,000 இருந்த தட்டணுக்கள் 1,94,000 ஆகியிருந்தன. இன்னும் இயல்பான அளவுக்குள்தான் இருக்கிறது, ஆனால் இறங்கும் போக்கு பிடிக்கவில்லை என்று சொல்லி, ஒரு வாரம் காத்திருக்காமல் மூன்று நாளில் மறுபடி எண்ணச் சொல்லியிருக்கிறார். கால் மரமரப்பையும் குறித்துக்கொண்டார்.

இரண்டே கேள்விகள் மிச்சம். நேற்று இரவு ஏழு மணி மாத்திரையை மறந்து பத்து மணிக்குக் கொடுத்தேன், அது சரிதானா? அம்மாவின் நாக்கு சற்றுக் கறுத்தது போல இருக்கிறது, அதுவும் இந்த மருந்தால்தானா?

பதில் – மாத்திரைக்கணக்கு

பத்து மணிக்குக் கொடுத்தது சரி. மறந்தது நினைவுக்கு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டுவிட்டு அந்த வேளைக்கு உரியதை மட்டும் கொடுக்க வேண்டும், இரண்டைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. நாக்கும் பல்லும் நிறம் மாறுவது இந்த மருந்தில் அறியப்பட்டதுதான், அதனால் தீங்கில்லை. பல்லில் படிந்தால் பல் மருத்துவர் சுத்தம் செய்யும்போது போய்விடும். நாக்கில் வெண்படலமும் எரிச்சலும் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம், காட்டிவிடுங்கள். தண்ணீராகப் பலமுறை பேதியானால், மாத்திரை முடிந்து இரண்டு மாதம் கழித்து வந்தாலும்கூட, பேதியை நிறுத்தும் மருந்தை நீங்களாகக் கொடுக்காமல், லினசோலிட் எடுத்ததைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்றாம் நாள் எண்ணிக்கை வந்ததும் இங்கே எழுதுங்கள்.